சுவரில் மோதும் சத்தத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

சினிமாக்காரர்கள் மேல் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. வெடிப்பு என்றால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நெருப்புப் பந்து, அந்தரத்தில் பறக்கும் டாட்டா சுமோ, திரும்பிப் பார்க்காமல் நடந்து வரும் கதாநாயகன். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். வெடிப்பில் பார்க்க வேண்டியது நெருப்பே இல்லை ஐயா! நெருப்பை முந்திக்கொண்டு ஓடுகிறதே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லாமல் ஓர் அழுத்த விளிம்பு, அதைப் பார்க்க வேண்டும். அது போய் ஒரு சுவரில் மோதித் திரும்புகிற கணத்தை அதைவிடக் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். நான் பார்த்துவிட்டேன். ஒரு மேசைமேல், அரைச் சாண் அகலக் காட்சிப் பரப்பில், பட்டாசு மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லாமல். அன்றிலிருந்து யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துக்கொண்டு இதைத்தான் பேசுகிறேன். வீட்டில் எல்லோரும் இப்போது என்னைக் கண்டால் வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகம் அது. நான் போனது வேறு வேலையாக. மூலையில் ஆளைவிட நீளமான எஃகுக் குழாய் ஒன்று தாங்கிகள்மேல் படுத்திருந்தது. அங்கே எல்லோரும் 'ஷாக் டியூப்' என்றுதான் சொல்கிறார்கள், அதிர்ச்சிக் குழாய். இவ்வளவு எளிய சூத்திரத்தில் ஒரு கருவியா என்று முதலில் நம்பிக்கையே வரவில்லை. குழாயை இரண்டு பகுதியாக்கி, நடுவே மெல்லிய தாள் ஒன்றை வைத்து போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். ஒரு பக்கத்தில் கம்ப்ரசரிலிருந்து காற்றை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரு கட்டத்தில் தாள் தாங்காமல் கிழிகிறது. அடைபட்ட காற்று பாய்கிறது. அதற்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலை திரண்டு, ஒலியைவிட வேகமாக ஓடுகிறது. 1899-இல் பிரான்சில் போல் வியேய் என்பவர் பயன்படுத்தியதும் இதே ஏற்பாடுதான். துப்பாக்கிகளுக்குப் புகையில்லாத வெடிமருந்து செய்து கொடுத்த அதே வியேய்.

குழாயின் மறுமுனையைத் திறந்தே வைத்துவிட்டால் கதை இன்னும் சுவையாகிறது. குழாய்க்குள் தட்டையாக வந்த அலை, வாயைத் தாண்டியதும் உருண்டு விரிகிறது. விரிய விரிய வலுவிழக்கிறது. வெடிகுண்டிலிருந்து கிளம்பும் அலையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதாவது, குண்டே இல்லாமல் வெடிப்பலை தயார்.

"தம்பி, காதை மூடிக்கோங்க," என்றார் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

"ரொம்ப சத்தம் வருமாண்ணே?"

"வர்றது வரட்டும். மொதல்ல மூடுங்க."

'டப்!' நெஞ்சில் ஒரு தட்டு. வாய்க்கு எதிரே நிறுத்தியிருந்த இரும்புத் தகடு அசையவே இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இதற்கா இத்தனை ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் சிரித்துவிட்டு, "படத்தைப் பாருங்க," என்று கணினிப் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தப் படம்! அதைச் சொல்வதற்கு முன் அது எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி அழகு அதில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஒளி அதில் நுழையும்போது கொஞ்சம் வளைகிறது. அதிர்ச்சி அலையிலும் அடர்த்தி சட்டென்று மாறுகிறது, ஒளி மயிரிழை அளவு வளைகிறது. அந்த மயிரிழை வளைவைப் பிடிக்கத்தான் 1864-இல் ஆகஸ்ட் டோப்ளர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட 'ஷ்லீரன்' முறை. இரண்டு குழியாடிகளை எதிரெதிரே வைத்து, ஒரு சிறு விளக்கின் ஒளியை நடுவே இணைக்கதிராக ஓடவிட்டு, கடைசியில் ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். அந்தப் புள்ளியில் ஒரு கூரான விளிம்பை நிறுத்திப் பாதி ஒளியை மறைத்துவிட வேண்டும். வளைந்த கதிர்கள் விளிம்புக்கு மேலே தப்பினால் அந்த இடம் வெளிச்சம். விளிம்பில் மாட்டினால் இருட்டு. அவ்வளவுதான்! அந்த ஆய்வகத்தில் அந்தக் கூரான விளிம்பு எது தெரியுமா? பெட்டிக்கடையில் விற்கும் சவர பிளேடு. பல லட்ச ரூபாய் கேமராவுக்கு முன்னால் ஒரு சவர பிளேடு பெருமையோடு நிற்கிறது.

டோப்ளரிடம் வேகக் கேமராவும் கிடையாது, கணினியும் கிடையாது. ஒரு மின்பொறியால் அலையை உண்டாக்கினார். மிகச் சிறு இடைவெளி விட்டு இரண்டாவது பொறியை விளக்காக மின்ன வைத்தார். அந்த இடைவெளியை மாற்றி மாற்றி, அலை எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்று கண்ணாலேயே பார்த்தார். ஒலியைக் கண்ணால் பார்த்த மனிதர்! இவருடைய பெயர் நம் பாடப்புத்தகங்களில் ஏன் இல்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். நொடிக்கு ஒரு லட்சம் படம் எடுக்கும் கேமரா. அலையின் வேகம் நொடிக்கு சுமார் 470 மீட்டர். பத்து சென்டிமீட்டர் காட்சிப் பரப்பை அலை கடக்க ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும்; அதற்குள் இருபது படம்தான் கிடைக்கும். அந்த இருபதை நிதானமாக ஓடவிட்டார்கள். சாம்பல் நிறப் பரப்பு. இடப்பக்கம் குழாயின் வாய். அதிலிருந்து மெல்லிய கருங்கோடு ஒன்று வில்லாக வெளியே வருகிறது. கோடு என்றால் பேனாவால் போட்ட கோடு. கொஞ்சமும் மங்கல் கிடையாது. அதற்குப் பின்னால் காற்று ஒரு சுழல் வளையமாகச் சுருண்டுகொண்டு மெதுவாக வருகிறது. வில் தகட்டைத் தொடுகிறது. தொட்ட அடுத்த படத்திலேயே எதிர்த்திசையில் இன்னொரு வில்! அது திரும்பி வந்து அந்தச் சுழல் வளையத்துக்குள் நுழைந்து, நெளிந்து, வெளியேறுகிறது. நான் "மறுபடி போடுங்கண்ணே" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று எண்ணவில்லை. அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த மோதலின் கணக்கு இருக்கிறதே, அது இன்னொரு விருந்து. சாதாரணப் பேச்சொலி சுவரில் நேராக மோதினால் சுவர்மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. வருவது ஒன்று, திரும்புவது ஒன்று, கூட்டினால் இரண்டு. இதில் அதிசயம் இல்லை. ஆனால் வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான கூடுதல் அழுத்தத்தோடு ஓர் அதிர்ச்சி அலை வந்து மோதட்டும்: சுவர் வாங்கும் அடி இரண்டு மடங்கு இல்லை, இரண்டே முக்கால் மடங்கு. அலை வலுக்க வலுக்க இந்தப் பெருக்கமும் ஏறிக்கொண்டே போய், சாதாரணக் காற்றின் எளிய கணக்குப்படி எட்டு மடங்கை நெருங்கும். ஏனென்றால் திரும்பும் அலை ஏற்கெனவே அழுத்தப்பட்டு, சூடேறி, சுவரை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும் காற்றுக்குள் திரும்புகிறது. அந்தப் பாய்ச்சலையும் நிறுத்த வேண்டிய வேலை சுவருக்குச் சேர்ந்துவிடுகிறது. காகிதத்தில் இந்தச் சூத்திரத்தைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தகட்டில் பதித்த சென்சாரின் கோடு திரையில் செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் நேர் மோதல் வெறும் முன்னுரை. அலை சாய்வாக மோத வேண்டும். அதுதான் என்னை மொத்தமாகக் கவிழ்த்த காட்சி.

அலை வரும் பாதையில் ஓர் அலுமினியச் சாய்வுக் கட்டையை வைத்தார்கள். சரிவு 60 டிகிரியாக இருந்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது: அலை சரிவைத் தொடும் புள்ளியிலிருந்தே திரும்பும் அலை கிளம்பியது. கட்டையை மாற்றி 30 டிகிரி வைத்தார்கள். அலை சரிவைத் தொடவே இல்லை! சரிவுக்கும் அலைக்கும் நடுவில் குட்டையாக மூன்றாவது அலை ஒன்று, சரிவுக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. யாரும் அனுப்பாத அலை அது. வந்த அலையும் திரும்பிய அலையும் அதன் தலைமேல் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அலை முன்னேற முன்னேற அந்தச் சந்திப்பு மேலே மேலே ஏறி, குட்டை அலை வளர்கிறது. சந்திப்புப் புள்ளியிலிருந்து பின்னோக்கி ஒரு மெல்லிய இழை. அதற்கு மேலே உள்ள காற்றும் கீழே உள்ள காற்றும் வெவ்வேறு வேகத்தில் வழுக்கிப் போகின்றன. அந்தக் குட்டை அலைக்கு மாக் தண்டு என்று பெயர்; சந்திப்புக்கு முப்புள்ளி. 30-க்கும் 60-க்கும் நடுவே, எங்கள் அலைக்கு நாற்பதுகளின் மத்தியில், ஏதோ ஒரு கோணத்தில் ஒழுங்குப் பிரதிபலிப்பு மாக் பிரதிபலிப்பாக மாறுகிறது.

இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எர்ன்ஸ்ட் மாக். ஒலியை மிஞ்சும் விமானங்களின் வேகத்தைச் சொல்ல 'மாக் 2' என்கிறோமே, அந்த மாக். 1875 வாக்கில் பிராக் நகரில் பேராசிரியர். அன்றைய ஹங்கேரியில் அந்தோலிக் என்ற பள்ளி ஆசிரியர், புகைக்கரி பூசிய பரப்பில் மின்பொறிகள் விசித்திரக் கோலங்களை விட்டுச் செல்வதைப் பதிவு செய்திருந்தார். மாக் அதைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் கரி பூசினார். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் மின்பொறி. இரண்டு அலைகளும் நடுவில் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோடு இருந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கரியில் இருந்ததோ இரண்டாகப் பிரிந்து விரியும் கோடு. அந்த இரண்டு கோடுகளும் முப்புள்ளிகள் நடந்து போன தடங்கள். சமமான இரண்டு அலைகள் மோதுவதும், ஓர் அலை சுவரில் மோதுவதும் கணக்கில் ஒன்றுதான். கேமரா இல்லை, சென்சார் இல்லை. கொஞ்சம் கரியும், கரியைப் படிக்கத் தெரிந்த ஒரு கண்ணும்! இன்றைக்கும் வாயு வெடிப்புகளை ஆராய்பவர்கள் குழாய்க்குள் கரி பூசிய தகட்டைச் செருகி வைக்கிறார்கள்.

அந்தக் கரிச் சோதனையையும் எங்களுக்குச் செய்து காட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கண்ணாடியைக் காட்டிக் கறுப்பாக்கும் வேலை மட்டும் எங்களுக்கு. உயர் மின்னழுத்தப் பக்கம் ஆய்வகப் பேராசிரியர் யாரையும் நெருங்க விடவில்லை, அது நியாயமும்கூட. உயிரை வாங்கிவிடும் சமாசாரம். பொறி அடித்து, கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கரியில் அந்த விரியும் கோடு. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு முன் பிராக்கில் மாக் பார்த்த அதே கோடு. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

இனிமேல்தான் விளையாட்டு. எதை வேண்டுமானாலும் அலைக்கு எதிரே நிறுத்தலாம்! பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்தோம். அதன் நெற்றியில் அலை நேராக மோதுகிறது. வளைவில் இறங்க இறங்கக் கோணம் மாறுகிறது. பாதி வழியில் முப்புள்ளி தானாகப் பிறந்து மாக் தண்டு முளைக்கிறது. நேர் மோதல், சாய்வு மோதல், மாக் தண்டு எல்லாம் ஒரே ஓட்டத்தில்! கட்டை மாற்றும் வேலையே இல்லை. ஓட்டைகள் போட்ட தகட்டை வைத்தால் திரும்பும் அலை மெலிகிறது. மறுபக்கத்தில் ஓட்டைக்கு ஒன்றாகக் குட்டி வில்கள் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி, கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒரே அலையாகிவிடுகின்றன.

ஸ்பாஞ்ச் செய்த வேலையை நம்பவே முடியாது. குழாயின் முனையைத் தகட்டால் மூடி, தகட்டில் சென்சாரைப் பதித்து, அதன்மேல் மெத்தென்ற ஸ்பாஞ்ச் ஒன்றை ஒட்டினார்கள். அடி குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் பந்தயமே கட்டியிருப்பேன். சென்சார் காட்டிய உச்ச அழுத்தம், வெறும் தகட்டில் கிடைத்ததைவிட அதிகம்! அலை வந்ததும் ஸ்பாஞ்சே நசுங்கியபடி சுவரை நோக்கிப் பாய்கிறது. அந்த வேகத்தை எல்லாம் சுமந்துகொண்டு போய்ச் சுவரில் கொட்டுகிறது. இது அந்த ஆய்வகத்தின் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இத்துறையில் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வரும் விஷயம். வெடிப்பிலிருந்து காப்பாற்றும் என்று நம்பி எதையாவது மெத்தென்று ஒட்டிவைப்பவர்கள் முதலில் ஒரு ஷாக் டியூபின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

"இதெல்லாம் பொம்மை விளையாட்டுதானே, நிஜ வெடிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று என் மைத்துனர் கேட்டார். நல்ல கேள்வி, இதற்கு இரண்டு பேர் பதில் வைத்திருக்கிறார்கள். 1915-இல் பிரிட்டனின் பெர்ட்ராம் ஹாப்கின்சன், 1926-இல் ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸ். ஒருவரைச் சாராமல் இன்னொருவர் சொன்ன ஒரே விதி: வெடிமருந்து ஆயிரம் மடங்கானால் தூரத்தைப் பத்து மடங்காக்குங்கள், உச்ச அழுத்தம் மாறாது. 1 கிராம் மருந்து 1 மீட்டரில் தரும் அதே உச்ச அழுத்தத்தை 1 டன் மருந்து 100 மீட்டரில் தரும். 1000 டன் ஒரு கிலோமீட்டரில் தரும். நேரமும் அதே விகிதத்தில் நீளும். ஆகவே ஒரு தெருவையும் அதிலுள்ள கட்டிடங்களையும் மேசையில் மரக்கட்டைகளாக அடுக்கி, எந்தச் சுவர் அலையை எந்தச் சந்துக்குள் திருப்பும் என்று பார்த்துவிடலாம். ஜப்பானின் செண்டாயில் கசுயோஷி தகயாமாவின் ஆய்வகம் மில்லிகிராம் கணக்கில் மருந்தை வைத்தே பல ஆண்டுகள் அபாரமான படங்களை எடுத்தது. அதெல்லாம் உரிமமும் பாதுகாப்பும் உள்ள இடங்களில் நடப்பது. ரசிகனுக்குத் தாள் கிழியும் குழாயே தாராளம்.

இந்தப் படிப்புக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. சாய்வு மோதலின் கணிதத்தை 1943-இல் எழுதியவர் ஜான் வான் நியூமன். ஹிரோஷிமாவில் குண்டைத் தரையில் வெடிக்காமல் சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததற்குக் காரணம் இந்தப் பிரதிபலிப்புதான்: நேராக வந்த அலையும் தரையில் மோதித் திரும்பிய அலையும் சேர்ந்து, தரையோடு மாக் தண்டாக வெகுதூரம் ஓடும். கரிக்கண்ணாடியில் நான் ரசித்த அதே கோடு. இதைப் படித்த பிறகு சில நாள் அந்தப் படங்களைத் திறக்க மனம் வரவில்லை.

மறுபடி திறக்க வைத்தது சிறுநீரகக் கல். 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு, கத்தி வைக்காமல், அதிர்ச்சி அலையால் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். கருவியைச் செய்தது விமானங்கள் கட்டிய டோர்னியர் நிறுவனம். தண்ணீருக்குள் நீள்வட்டக் கிண்ணம்; அதன் ஒரு குவியத்தில் மின்பொறி, மறு குவியத்தில் நோயாளியின் கல். கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பும் அலை முழுக்க ஒரே புள்ளியில் போய்ச் சேருகிறது. கல்லுக்குள் நுழைந்த அலை அதன் பின்பக்கத்தில் இன்னொரு முறை பிரதிபலிக்கும்போது, அழுத்தம் இழுவிசையாக மாறிவிடுகிறது. கல் நசுக்குதலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது, உள்ளுக்குள் பிளக்கிறது. மருத்துவமனையில் 'லித்தோ' செய்துகொண்டு வந்த என் சித்தப்பாவிடம் இதை விளக்கினேன். "அந்த எழவெல்லாம் எனக்கெதுக்குடா, வலி போச்சு," என்றார்.

அரங்குகளும் இந்த அலைக்குக் கடன்பட்டவைதான். 1910-களில் ஹார்வர்டின் வாலஸ் சபைன், நாடக அரங்கின் குறுக்குவெட்டை ஒரு சிறு மாதிரியாகச் செய்து, மேடை இருக்கும் இடத்தில் மின்பொறி அடித்து, அலை எந்தக் கூரையில் மோதி எந்த இருக்கைக்கு எதிரொலியாகத் திரும்புகிறது என்று படம் எடுத்தார். நம்மூர்க் கல்யாண மண்டபங்களைக் கட்டுபவர்கள் யாராவது இந்தப் படங்களைப் பார்த்திருந்தால், மைக்கில் பேசுவது ஒரு வார்த்தையாவது நமக்குப் புரிந்திருக்கும்.

சிறியதே எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்ல ஆசைதான்; உண்மை விடவில்லை. மிக வலுக்குறைந்த அலை சாய்வாக மோதும்போது, வான் நியூமனின் கணக்கு விடையே இல்லை என்கிறது. சோதனையிலோ பிரதிபலிப்பு தெளிவாகத் தெரிகிறது. முப்புள்ளிக்குப் பின்னால் மிகச் சிறிய ஒரு திட்டில் காற்று மறுபடி ஒலியை மிஞ்சி ஓடக்கூடும் என்று 1947-இல் குடர்லி என்பவர் ஒரு யோசனை சொன்னார். அந்தத் திட்டு சாதாரணக் குழாய்களில் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியது. ஜோகனஸ்பர்க்கில் பெரிக் ஸ்கியூஸ் அதற்கென்றே மிகப் பெரிய குழாய் ஒன்றைக் கட்டி, 2005-இல் ஆஷ்வொர்த் என்பவரோடு சேர்ந்து முடிவை வெளியிட்டார். குடர்லி சொன்னது சரி! ஒரு பொடித் திட்டைப் பார்க்க பிரம்மாண்டமான குழாய். அறுபது ஆண்டுக் காத்திருப்பு. இந்த மனிதர்களை எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

பார்க்க வேண்டும் என்று ஆசை வந்திருந்தால் ஜோகனஸ்பர்க் போக வேண்டாம். பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில் அதிர்ச்சி அலை ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. அங்கே பேராசிரியராக இருந்த கே. பி. ஜே. ரெட்டி, கம்ப்ரசர்கூட வேண்டாம், கையால் தள்ளினாலே அதிர்ச்சி அலை வரும் சிறு குழாய் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். ரெட்டி குழாய் என்றே அதற்குப் பெயர். அந்தக் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அதிர்ச்சி அலை எந்தக் கட்டிடத்தில் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். காதை மூடச் சொன்னால் மூடுங்கள். சத்தம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். படத்தை மெதுவாக ஓடவிடச் சொல்லிக் கேளுங்கள்.